மாதத்தின் மீதி நாட்கள் எப்படி இருக்கின்றன?

காரைக்குடியில் ஒரு மகளிர் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் அறைக்குள் போகும் முன் எடை, பிரஷர் பார்த்து, விவரம் கேட்டுச் சீட்டில் எழுதி அனுப்புவது என் வேலை. வருகிறவர்கள் பெரும்பாலும் சுற்று வட்டாரம்தான், தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல், ஆத்தங்குடி. இத்தனை வருஷம் கேட்டதில் ஒன்றை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. மாதவிடாய்க் கோளாறு என்று வருகிற பெண்களில் சிலருக்குக் கர்ப்பப்பையில் ஒரு குறையும் இருக்காது, குறை கழுத்தில் இருக்கும், தைராய்டு சுரப்பியில். அது யாருக்கும் தோன்றாததால் சத்து மாத்திரை, டானிக், கஷாயம் என்று வருஷக்கணக்கில் ஓட்டிவிட்டுத்தான் இங்கே வந்து சேர்கிறார்கள்.

"மாசாமாசம் சரியா வருதா?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் "வருது சிஸ்டர்" என்றுதான் சொல்வார்கள். ஐம்பது நாளைக்கு ஒருமுறை வருவதும் அவர்களுக்கு 'வருவது'தான், பத்து நாள் விடாமல் போவதும் அப்படித்தான். அதனால் நான் வேறு மாதிரி கேட்பேன். ராத்திரித் தூக்கத்திலிருந்து எழுந்து நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, மணிக்கு ஒருமுறை நனைகிறதா, கட்டியாகப் போகிறதா, போனால் பத்து ரூபாய்க் காசு அளவு இருக்குமா, ஏழு நாளுக்கு மேல் இழுக்கிறதா. துணி வைப்பவர்களிடம் ஒரு நாளைக்கு எத்தனை துணி என்று கேட்டால்தான் புரியும். போன மாசத் தேதி கேட்டால் நாள்காட்டித் தேதி வராது, "பிள்ளையார் நோன்புக்கு முந்தின நாளு", "சந்தைக்குப் போயிட்டு வந்த அன்னிக்கு" என்று வரும். நானே கணக்குப் போட்டு எழுதிக்கொள்வேன். அது ஒன்றும் குறையில்லை, அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் கேட்டே ஆக வேண்டும், தள்ளிப்போடும் மாத்திரை போட்டீர்களா என்று. எங்கள் ஊர்ப்பக்கம் கோயில் விசேஷம், கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று வருஷம் முழுக்க ஏதாவது வந்துகொண்டே இருக்கும், மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்டுவிடுவார்கள். அந்த மாத்திரையை நிறுத்தியதும் வருகிற உதிரப்போக்கு அவர்களுடைய உண்மையான சுழற்சி கிடையாது. இது தெரியாமல் தேதியை எழுதினால் டாக்டருக்குக் கிடைக்கும் கணக்கே தப்பாகிவிடும்.

பலகாரம் போடும் ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். கல்யாணச் சீர்ப் பலகாரம் ஆர்டர் எடுக்கும் இடத்தில் வேலை, தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம் எல்லாம் விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்து சுட்டெடுப்பவர். சித்திரை வெயிலில் வந்தவர் உட்கார்ந்ததும் "சிஸ்டர், அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா, குளிருது" என்றார். அந்த அறையில் எங்கள் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. பிரஷர் பார்க்கக் கையைப் பிடித்தால் தோல் சொரசொரவென்று காய்ந்திருந்தது, நாடி மெதுவாக இருந்தது, கண்ணைச் சுற்றி லேசான வீக்கம், குரல் கட்டினாற்போல். அவர் வந்தது இதில் எதற்காகவும் இல்லை. மாதவிடாய் கட்டி கட்டியாகப் போகிறது, அந்த நாட்களில் வேலைக்குப் போக முடியவில்லை, போகாத நாளுக்குக் கூலியும் இல்லை, அதற்கு முன்னால் ஒரு வாரம் மார்பு கனத்துப்போய், வயிறு உப்பி, யார் என்ன சொன்னாலும் அழுகை வருகிறது, இதற்காகத்தான் வந்திருந்தார். வேறிடத்தில் ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாத்திரை சாப்பிடும்வரை கொஞ்சம் ஏறும், பிறகு பழையபடி இறங்கிவிடும். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினால் என்ன? போகிற ரத்தம் ஏன் இவ்வளவு போகிறது என்று யாரும் பார்க்கவில்லை. டாக்டர் ஸ்கேனோடு டிஎஸ்எச் பரிசோதனையும் எழுதினார், அளவு பல மடங்கு ஏறியிருந்தது.

டிஎஸ்எச் ஏறினால் தைராய்டு குறைந்திருக்கிறது என்று பொருள். இது பலருக்கும் குழப்பும், "அளவு கூடியிருக்குன்னு போட்டிருக்கே, அப்புறம் எப்படிக் குறைவு?" என்று கேட்பார்கள். டிஎஸ்எச் என்பது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஏவல். தைராய்டு போதுமான அளவு சுரக்காதபோது ஏவல் கூடிக்கொண்டே போகும். சாதாரணமாக 0.4 முதல் 4 வரை என்பார்கள், ஆய்வகத்துக்கு ஆய்வகம் கொஞ்சம் மாறும், ரிப்போர்ட்டிலேயே அச்சடித்திருக்கும்.

இதற்கும் மாதவிடாய்க்கும் என்ன சம்பந்தம் என்பதை நான் வருகிறவர்களிடம் சொல்கிற மாதிரியே சொல்கிறேன். தைராய்டு குறையும்போது மூளையிலிருந்து பிட்யூட்டரிக்குப் போகும் தூண்டுதல் கூடுகிறது, அதே தூண்டுதல் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினையும் கூட்டிவிடலாம். புரோலாக்டின் கூடினால் சினைமுட்டை வெளிவருவது தடைப்படும். சிலருக்குக் குழந்தை இல்லாமலே மார்பில் பால் கசியும், பயந்துபோய் ஓடி வருவார்கள். முட்டை வெளிவராத மாதத்தில் புரோஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோன் போதுமான அளவு உண்டாகாது, ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் கர்ப்பப்பையின் உள்சவ்வை வளர்த்துக்கொண்டே போகும். பிறகு அது உதிரும்போது நாள் தள்ளி, நிறைய, கட்டி கட்டியாக உதிரும். அத்தோடு, தைராய்டு ஹார்மோன் ரொம்பக் குறைந்தால் ரத்தம் உறைய வேண்டிய காரணிகளும் குறைவதுண்டு, அதனால் நிற்பதற்கும் நேரம் எடுக்கும். எல்லோருக்கும் இப்படித்தான் என்று கிடையாது. சிலருக்கு ரெண்டு மூணு மாதம் வராமலே இருக்கும், சிலருக்குத் தைராய்டு குறைவு இருந்தும் சுழற்சி ஒழுங்காகவே இருக்கும்.

இப்போது மாதவிடாய்க்கு முந்தைய நாட்களின் தொல்லைக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியம். எரிச்சல், அழுகை, மார்பு வலி, வயிறு உப்புசம், அசதி, தூக்கக் குழப்பம், இந்தப் பட்டியலையும் தைராய்டு குறைவின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதிக்கு மேல் ஒன்றாகவே இருக்கும். பிரித்துக் காட்டுவது நாள்தான். மாதவிடாய்க்கு முந்தைய தொல்லை கடைசி ஒரு வாரம், பத்து நாளில் வரும், உதிரம் வந்த சில நாளில் விட்டுவிடும், அதற்கப்புறம் அந்தப் பெண் பழையபடி ஆகிவிடுவாள். தைராய்டு குறைவு அப்படி விடாது. மாதம் முழுக்கக் களைப்பு, மலச்சிக்கல், குளிர், முடி கொட்டுவது, மறதி எல்லாம் இருந்துகொண்டே இருக்கும், கடைசி வாரத்தில் அதன்மேல் இதுவும் ஏறிக்கொள்ளும். அதனால்தான் "வர்றதுக்கு முன்னாடி ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்று சொல்கிற ஒவ்வொருவரிடமும் மாதத்தின் மீதி நாட்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்கிறேன். பலகார அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நல்லா இருந்த நாளுன்னு ஒண்ணும் ஞாபகம் இல்ல சிஸ்டர்" என்றார்.

அதே சமயம் தைராய்டு மாத்திரை போட்டால் இந்தத் தொல்லையெல்லாம் போய்விடும் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். பக்கத்து ஊர் பேங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண், எங்கோ படித்துவிட்டு, எனக்குத் தைராய்டுதான், மாத்திரை எழுதுங்கள் என்று வந்து நின்றாள். கேட்டுப் பார்த்தால் கடைசி ஒன்பது பத்து நாள் மட்டும் வீட்டில் யாரிடமும் பேச முடியாத அளவு எரிச்சல், உதிரம் வந்த மூணாம் நாள் எல்லாம் சரி. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு நன்றாகவே இருந்தது. 1980களில் மறைந்திருக்கும் தைராய்டு குறைவுதான் இந்தத் தொல்லைக்குக் காரணம் என்று ஒரு கருத்து எழுந்தது உண்மை. பிறகு தைராய்டு மாத்திரையில் இருக்கும் தைராக்சினையும் மருந்தில்லாத மாத்திரையையும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது தைராக்சின் கூடுதலாக உதவவில்லை. தேவையில்லாதவர் தைராக்சின் சாப்பிட்டால் படபடப்பு, தூக்கமின்மை, நாள்பட்டால் எலும்பு தேய்வது என்று வேறு வினை வரும். அவளுக்கு டாக்டர் ரெண்டு மாதம் தினமும் குறித்துவரச் சொல்லி, அதைப் பார்த்து வேறு சிகிச்சை கொடுத்தார். தைராய்டு இல்லை என்றால் அவள் சொன்ன கஷ்டம் இல்லை என்று ஆகிவிடாது. இதை வீட்டுக்காரர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரிப்போர்ட் நார்மல் என்றதும் "அப்ப எல்லாம் இவ திமிருதான்" என்று என் முன்னாலேயே சொன்ன மாமியார் உண்டு. அந்தப் பேச்சை நான் அந்த இடத்திலேயே தடுப்பேன், தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை.

வயசை வைத்து முடிவு கட்டுவதும் இதே போலத்தான். நாற்பத்தைந்து என்றால் "நிக்கப்போற நேரம், அப்படித்தான் போகும்", கல்லூரிப் பிள்ளை என்றால் "நீர்க்கட்டி". ரெண்டும் இருக்கலாம்தான். ஆனால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்காமல் சொல்லக் கூடாது. கழுத்து வீங்கினால்தான் தைராய்டு என்று நினைப்பதும் தப்பு. முன்பு அயோடின் பற்றாக்குறையால் வருவது அதிகம், உப்பில் அயோடின் சேர்ப்பது பரவிய பிறகு பெரும்பாலும் காரணம் வேறு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது. 1912-லேயே ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் இதை எழுதிவைத்தார், அவர் பெயராலேயே அந்த நோயைச் சொல்கிறார்கள். கழுத்தில் ஒன்றுமே தெரியாமலும் இது இருக்கும்.

மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் பாதி வேலை. விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும், காபி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. எங்கள் ஊரில் எழுந்ததும் காபி இல்லாமல் இருக்கச் சொல்வது பெரிய காரியம், அதனால் பாட்டிலைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளச் சொல்வேன், கண் விழித்ததும் மாத்திரை, அப்புறம்தான் மற்றதெல்லாம். இரும்புச்சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்து விழுங்கினால் தைராக்சின் உடம்பில் சரியாகச் சேராது, நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். நிறைய உதிரப்போக்கு இருப்பவர்களுக்கு ரெண்டு மாத்திரையும் தேவைப்படும், அதனால் இந்தச் சிக்கல் இவர்களுக்குத்தான் அதிகம். பலகார அக்காவிடம் தைராய்டு காலையில், இரும்பு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்று சீட்டில் சூரியன் படமும் சாப்பாட்டுத் தட்டும் வரைந்து கொடுத்தேன். ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் மறுபடி டிஎஸ்எச் பார்த்து அளவை மாற்றுவார்கள், மாதவிடாய் சீராவதற்கு இன்னும் சில மாதம் பிடிக்கும். அக்காவுக்கு முதலில் குறைந்தது குளிர்தான், அப்புறம் கட்டி போவது நின்றது, ரத்த அளவு ஏறி அப்படியே நின்றது. கடைசி வார அழுகை முழுசாகப் போகவில்லை, ஆனால் இப்போது அது வந்துபோகிற ஒன்று.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள், அது தைராய்டு ரிப்போர்ட்டையே தப்பாகக் காட்டும், ரெண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். தைராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நாள் தள்ளிப்போனால், தைராய்டு காரணமாகத்தான் என்று இருந்துவிடாமல் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாதவிடாய் சீரானதும் கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பும் கூடும். தரித்திருந்தால் மாத்திரையை நிறுத்தவே கூடாது, பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், அதனால் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.