காசு தொலைந்தது வீட்டுக்குள்ளே

காசிமேடு, ராயபுரம் பக்கம் வீட்டு ஜெபக் கூட்டங்களில் பைபிளின் லூக்கா 15-ஆம் அதிகாரத்தை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் தொலைந்த ஆட்டையும் வீட்டை விட்டுப் போன இளைய மகனையும் பேசிவிட்டு, நடுவில் உள்ள 8 முதல் 10 வரையான வசனங்களைத் தாண்டிவிடுகிறார்கள். பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்த ஒரு பெண் வீட்டைப் பெருக்கித் தேடிக் கண்டுபிடிக்கிறதாக இயேசு சொன்ன உவமை அது. அங்கேதான் நின்று பேசணும்.

ஆடு வெளியே போய்த் தொலைந்தது, கத்தவாவது செய்யும். காசு வீட்டுக்குள்ளேயே விழுந்தது. தொலைந்ததுகூட அதுக்குத் தெரியாது. வாராவாரம் ஆராதனைக்கு வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாமலே திரும்பிப் போகிறவர் இந்தக் காசுதான்.

அந்தப் பெண் முதலில் விளக்கைக் கொளுத்துகிறாள், அப்புறம்தான் துடைப்பத்தை எடுக்கிறாள். அந்தக் காலத்து வீடுகளில் வெளிச்சம் குறைவு, பகலிலும் லைட் போடுகிற நம்ம சந்து வீடு மாதிரி. இருட்டில் பெருக்கினால் காசும் குப்பையோடு வாசலுக்குப் போய்விடும். சபையிலும் அப்படித்தான், ஒருத்தரை விசாரிக்காமலே கண்டித்து ஒதுக்கிவிட்டு, "அவரு இப்பல்லாம் வர்றதில்ல" என்பார்கள்.

காசு ஒரு திராக்மா, அதாவது கிரேக்க வெள்ளிக்காசு, ஏறக்குறைய ஒரு நாள் கூலி. அது கல்யாண நெற்றிச்சுட்டிக் காசு என்று சிலர் சேர்த்துச் சொல்வது லூக்காவில் இல்லை, விட்டுவிடுங்கள். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சந்தோஷப்பட்டதைப் படிக்காமல் முடிக்காதீங்க. இயேசு பாவிகளோடு சாப்பிடுகிறார் என்று முறுமுறுத்த பரிசேயருக்கும் (யூதச் சட்டத்தைக் கண்டிப்பாகப் பிடித்தவர்கள்) வேதபாரகருக்கும் (அந்தச் சட்டத்தைப் போதித்தவர்கள்) அவர் சொன்ன பதில் அது.