உண்ணிச்செடியோடு மல்லுக்கு நின்ற கதை

முதுமலைப் புலிகள் காப்பகத்துச் சாலையோரங்களில் அந்நியக் களைகளை அகற்றப் போகிறேன் என்று பெயர் கொடுத்தபோது, அரிவாளைக் கையில் திணித்துவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். முதலில் கிடைத்தது பேனா. விண்ணப்பம், அடையாள அட்டை நகல், எது நேர்ந்தாலும் நானே பொறுப்பு என்ற உறுதிமொழி. அனுமதியில்லாமல் காட்டுக்குள் கால் வைப்பதே குற்றம். பிடுங்குவது களைதானே என்ற வாதமெல்லாம் எடுபடாது. காகிதம் மேசை மேசையாக நகர்ந்து வருவதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது குறைவு, ஆனாலும் அனுமதி வந்து சேர்ந்தது.

சாலையோரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். மரநிழல் இல்லாமல் வெயில் நேராக விழும் இடம் அது. மண்ணும் அடிக்கடி கிளறப்படும். வண்டிச் சக்கரத்துச் சேற்றில் பார்த்தீனியம் விதை ஒட்டிக்கொண்டு வருகிறது. உண்ணிச்செடியின் (லாண்டானா) பழத்தைத் தின்ற கொண்டைக்குருவிகள் விதையை எச்சத்தோடு போட்டுவிட்டுப் போகின்றன. ஓரத்தில் காலூன்றியது மெல்ல உள்ளே நகர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட அழகுக்கென்று கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி, இன்று மானும் காட்டெருமையும் மேய வேண்டிய புல்லை மூடிக்கொண்டு நிற்கிறது.

புதரைத் தொடும் முன், எங்களோடு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒரு நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே கரடி படுத்திருந்தாலும் வெளியே தெரியாத அடர்த்தி. அவர் தலையசைத்த பிறகுதான் வேலை.

நண்பர் ஒருவர் அரிவாளை ஓங்க, காவலர் தடுத்தார். "மேலே வெட்டாதீர்கள் சார், இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும்." பிறகு தானே செய்து காட்டினார். கிளைகளை ஒதுக்கி அடித்தண்டைப் பிடித்துக்கொண்டு, சுற்றியுள்ள மண்ணைக் கடப்பாரையால் நெகிழ்த்தினார். தண்டும் வேரும் சேரும் இடம் முண்டுமுடிச்சாக இருக்கிறது; மறுபடி துளிர்ப்பது அங்கிருந்துதான். அதற்குக் கீழே, மண்ணுக்குள் ஓரிரு அங்குல ஆழத்தில் ஆணிவேரை வெட்டினார். செடியை வெளியே இழுத்து மண்ணை உதறிவிட்டு, வேர் வானத்தைப் பார்க்கும்படி தலைகீழாகக் கிடத்தினார். வேர் மண்ணைத் தொடாமல் காய்ந்தால்தான் செத்தது என்று அர்த்தம். தண்டின் சிறு முட்கள் முழுக்கைச் சட்டையையும் தாண்டிக் கீறின. இலை கசங்கிய காட்டமான நெடி கையுறையைக் கழற்றிய பிறகும் போகவில்லை.

பார்த்தீனியம் பிடுங்க எளிது, ஆனால் பூப்பதற்கு முன் பிடுங்க வேண்டும். தோல் ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் பக்கத்திலேயே வரக்கூடாது. மஞ்சள் கொன்றை என்ற அந்நிய மரம் வேறு ரகம். கன்றுகளை மழை ஈரத்தில் வேரோடு உருவிவிடலாம். பெரிய மரத்தை வெட்டினாலோ அடிக்கட்டையிலிருந்து கொத்துக் கொத்தாகக் கிளம்பும். அதனால் பட்டையைச் சுற்றிலும் அடிவரை உரித்துவிட்டு, நின்றபடியே சாக விடுகிறார்கள். பெருமரங்கள் எங்களைப் போன்றவர்களுக்கான வேலையும் இல்லை. அந்நியத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென 2022இல் தமிழக அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. அகற்றப்படும் கொன்றை மரங்கள் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலைக்குக் கூழாகப் போகின்றன. சாலையோரத்தில் கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும் அந்த மஞ்சள் பூக்களோடு படம் எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது எரிச்சல்தான் வருகிறது.

உண்மையான வேலை தொடங்குவது அடுத்த மழைக்குப் பின்புதான். வெறுமையான மண்ணில் உண்ணி நாற்றுகள் விரல் உயரத்துக்கு எழும்பியிருக்கும், பறவைகள் வந்து அமரும் மரத்தடிகளில் இன்னும் நெருக்கமாக. குனிந்து குனிந்து அவற்றைக் கையால் பிடுங்க வேண்டும். படம் எடுத்துப் போட அதில் ஒன்றுமில்லை. முதல் நாள் திரண்ட கூட்டத்தில் பாதிகூட வரவில்லை. பெயர் கொடுக்க நினைப்பவர்கள் இந்த மழைக்குப் பிந்தைய சுற்றுக்குக் கொடுங்கள். அப்போதுதான் ஆள் பற்றாக்குறை.