கை ஏன் அங்கே போகிறது?

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் பலநாள் படகுகள் ஐஸ் ஏற்றும் நேரத்தில் யாரிடமும் பொறுமை இருக்காது. திருகோணமலை ஐஸ் கொம்பனி ஒன்றில் பராமரிப்புப் பொறுப்பில் இருந்தபோது எனக்குப் பெரிய தலையிடி ஐஸ் கட்டியை நொறுக்கும் கிரஷர்தான். ஐஸ் கட்டி அதன் வாயில் குறுக்காகச் சிக்கும். அலவாங்கால் குத்துவார்கள், அதற்கும் அசையாவிட்டால் கையை விடுவார்கள்.

மூன்று மொழிகளிலும் எச்சரிக்கைப் பலகை மாட்டினோம், தடித்த கையுறை கொடுத்தோம். (சுழலும் பல்லில் கையுறை மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும், அது வேறு கதை.) ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது என்பதால் மூடியும் போட்டோம். சிக்கிய கட்டியை எடுக்க அதைக் கழற்றித்தானே ஆகவேண்டும்? கொஞ்ச நாளில் மூடி சுவரோரம் சாய்ந்து கிடந்தது. பெடியளுக்குக் கவனமில்லை என்று மேலிடம் சொன்னது. படகுக்காரர் கீழே நின்று கத்தும்போது எவருக்குத்தான் கவனம் வரும்?

வயதான தொழிலாளி ஒருவர்தான் கேட்டார்: “கட்டி சிக்காட்டி ஆர் ஐயா கையை விடப்போறது?”

பிறகுதான் கட்டியைக் கிரஷர் வாய்க்குள் இறக்கும் சரிவுத் தகட்டை ஒழுங்காகப் பார்த்தோம். சாய்வு போதாது, அகலமோ கட்டி திரும்பிக் குறுக்கே படுக்கும் அளவுக்கு இருந்தது. வெல்டிங் பாஸ் பழைய தகடுகளை வைத்து இரு பக்கமும் ஒடுக்கி, சாய்வையும் கூட்டினார். கட்டி நீளவாக்கில் இறங்கியது, சிக்குவது அரிதானது. அப்புறம் மூடியைத் திறந்தால் மோட்டார் நிற்கும்படி சுவிட்ச் ஒன்றும் வைத்தோம். இப்போது மூடியைக் கழற்ற எவருக்கும் தேவையில்லை.

தண்ணீரை உறையவைக்கும் அமோனியாப் பக்கம் ஆபத்தை இப்படி மூலத்திலேயே நீக்குவது இவ்வளவு லேசில்லை. அமோனியாவை அழுத்தும் கம்பிரசரிலிருந்து கொஞ்சம் எண்ணெயும் அதோடு சேர்ந்து போகும். அந்த எண்ணெய் திரவ அமோனியாவைவிடப் பாரமானது, அதில் கரையவும் மாட்டாது. அதனால் தாழ்வான இடங்களில் போய்த் தேங்கும். வால்வைத் திறந்து வடிக்கும்போது எண்ணெய் முடிந்ததும் அமோனியா சீறும். அது மைனஸ் 33 பாகையிலேயே கொதித்து ஆவியாகிற பொருள், கண்ணையும் மூச்சுக்குழாயையும் பதம் பார்த்துவிடும். முகமூடி கொடுப்பது கடைசித் தடுப்பு. கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு அதைவிட மேல். எண்ணெயைப் பிரித்துத் தானாகவே கம்பிரசருக்குத் திருப்பியனுப்பும் நல்ல பிரிப்பான் வைத்தால் வடிக்கும் வேலையே வெகுவாகக் குறையும். முதலாளி வால்வுக்கு உடனே சம்மதித்தார். பிரிப்பானுக்கு ஆலையை நிறுத்தவேண்டும் என்பதால், மீன் குறையும் மாரி வரட்டும் என்றார். அதுவரை வடிப்பதற்கு இருவர் சேர்ந்தே போகவேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.