காப்பெற்றுக்குக் கீழே

குடிபூரலுக்கு நாள் வைத்த பிறகுதான் ஹோல் காப்பெற்றைக் கிளப்பினோம். கீழே ஓக் பலகை என்று வீடு வாங்கும்போதே சொல்லியிருந்தார்கள். பலகைதான், ஆனால் அதற்கு மேலே காய்ந்து போன மண்ணிறப் பசை. சமையலறைப் பக்கம் தார் மாதிரிக் கறுப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மாமி வெறுங்காலை வைத்தவ, உடனே எடுத்துவிட்டா. "என்ன பிள்ளை, இவ்வளவு காசு குடுத்துப் பசையையோ வாங்கினனீங்கள்?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுரீரென்றது.

கனடாவில், எங்கள் ஸ்காபரோவில் 1950களில் கட்டிய வீடுகளில் ஓக் நிலம் சாதாரணம். பிறகு சுவருக்குச் சுவர் காப்பெற் மோகம் வர, எல்லாரும் அதை மூடிவிட்டார்கள். மூடட்டும். ஓரத்தில் ஆணிப்பட்டி அடித்து இழுத்துவிட்டாலே காப்பெற் நிற்குமே! பசை வாளியோடு நின்று நல்ல மரத்தில் அப்பின அந்த மனுசனை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கறுப்பைத் தொடாதேங்கோ என்றார் கடைக்காரர். அந்தக் காலத்து 9 அங்குல ரைல்ஸிலும் அதை ஒட்டும் தார்ப்பசையிலும் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாம்; காய்ந்தபடி சுரண்டினாலோ சாண்டர் பிடித்தாலோ தூள் நெஞ்சுக்குள் போகும். ஈரமாக்கி, நகக்கண் அளவு எடுத்து, பையில் போட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். அஸ்பெஸ்ரஸ் சீற்றுக்குக் கீழே படுத்து மழைச்சத்தம் கேட்டு வளர்ந்த ஆள் நான்! இந்த நாடும் லேசுப்பட்டதில்லை. அதைத் தோண்டி உலகத்துக்கெல்லாம் விற்றுவிட்டு 2018இல் தடை போட்டது. கியூபெக்கில் அஸ்பெஸ்ரஸ் என்றே ஓர் ஊர் இருந்தது. 2020இல்தான் பெயரை மாற்றினார்கள்.

நல்லகாலம், இல்லை என்று பதில் வந்தது.

மண்ணிறத்துக்குச் சுடுதண்ணீர்த் துணி. பிழிந்து விரித்துக் கொஞ்ச நேரம் விட்டால் பசை இளகும். தண்ணீர் கூடினால் பலகை ஊதிவிடும். பிறகு பிளாஸ்ரிக் தகட்டால் மரத்தின் ரேகைப் பக்கமாகவே தள்ள வேண்டும். குறுக்கே போனால் கீறல். தொதல் அகப்பையில் ஒட்டுவதுபோல தகட்டில் சுருண்டு வரும். கறுப்புக்குத் தண்ணீர் சரிவராது, பெயின்ற் கரைக்கிற மினரல் ஸ்பிரிற்தான். அது தீப்பிடிக்கும் சாமான் என்பதால் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை நிறுத்தி, மார்ச் மாதக் குளிரில் ஜன்னல்களைத் திறந்து, ஜக்கெற்றோடு முழங்காலில் நின்றோம்.

கனடா பழகிவிட்டது என்றுதான் எல்லாருக்கும் சொல்லுகிறேன். முழங்காலில் நின்று நிலம் தேய்த்தால் மட்டும் ஊருக்குப் போய்விடுகிறேன். நவராத்திரி வர முன்னம் அம்மா சிவப்புச் சீமெந்துக்குப் பொலிஷ் பூசி, பொச்சுமட்டையால் முகம் தெரியுமட்டும் தேய்ப்பா. மத்தியான வெக்கைக்கு அதில் வெறும் மேலோடு படுத்தால் வரும் குளிர்மை இருக்கிறதே! இங்கே நிலத்தில் படுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

பலகை தேன் நிறத்தில் வெளித்ததும் வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன். சமையலறைப் பக்கத்து மிச்சக் கறுப்பு அவவின் கண்ணுக்குத் தப்பவில்லை.

"பொச்சால தேய்ச்சுப் பாத்தனியோ?"

பொச்சுக்கு எங்கே போவது, இங்கே தமிழ்க் கடைத் தேங்காயே உரித்துத்தான் வருகிறது.