நீ சொல்ற பேருதான்

"அ. சிதம்பரம் வீடுதானே ஆச்சி?"

"ஆமா ஆத்தா."

"அவுக இந்த வருசம் நம்ம ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவ வந்தாகளா?"

"வந்தாக, வந்தாக."

"பேரு சிதம்பரந்தானே? வயசு அறுபத்து மூணு?"

"நீ சொல்ற பேருதான்."

அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்துவிட்டு, திரையில் இருந்த இரண்டு பதிவு எண்களையும் ஒன்றாக்கினேன். உறுதியா என்று கணினி ஒருமுறை கேட்டது. உறுதி என்றேன். (பெயரை மாற்றியிருக்கிறேன். மாற்றாவிட்டாலும் இந்தப் பக்கத்தில் எந்தச் சிதம்பரம் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.)

ஆஸ்பத்திரியின் மருத்துவப் பதிவேடுகள் பிரிவான எம்.ஆர்.டி.யில் அப்போது எனக்கு முதல் மாதம். டிஸ்சார்ஜ் ஆனவர்களின் கேஸ் ஷீட்டை வரிசைப்படி அடுக்குவது, டாக்டர் கையெழுத்து விடுபட்ட இடத்தில் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவது, ஐ.சி.டி.-10 என்ற உலக நோய்ப் பட்டியலைப் பார்த்து நோய்க்குக் குறியீடு போடுவது என்று ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டிருந்தேன். பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை இ-11, நாள்பட்ட சிறுநீரக நோய் என்-18. ஃபைலை எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை வைத்துத்தான் ரேக்கில் சொருக வேண்டும். முதல் இலக்கத்தை வைத்து அடுக்கினால் புது ஃபைலெல்லாம் ஒரே மூலையில் குவிந்துவிடும். இதெல்லாம் பிடித்திருந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு எண் விழுந்திருந்தால் கண்டுபிடித்துச் சேர்க்கும் வேலை அதைவிடப் பிடித்தது.

காரணம் இருக்கிறது. அதற்கு முந்தின வாரம், ஒரு அம்மாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு அவருடைய பழைய எண்ணில் இருந்தது. புது எண்ணில் இல்லை. ஊசி போடும் நேரத்தில் அவரே சொன்னதால் தப்பித்தார். அந்த இரண்டு ஃபைலையும் நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒரே ஆளுக்கு இரண்டு எண் என்றாலே ஆபத்து என்றுதான் தோன்றியது. இரண்டு ஆளுக்கு ஒரே எண் என்பது என் நினைப்பிலேயே வரவில்லை.

சிதம்பரம் விஷயத்தில் ஐந்து பொருந்தின. பெயர், இனிஷியல், பிறந்த தேதி, முகவரி, போன் எண். நோயாளியை அடையாளம் காணக் குறைந்தது இரண்டு விவரமாவது பொருந்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்னது. என்னிடம் ஐந்து இருந்தது. ரத்த வகையாவது வேறாக இருந்திருந்தால் நின்றிருப்பேன். ஒரு பதிவில் அந்தக் கட்டம் காலி.

இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன். சிதம்பரம் இரண்டு பேர். ஒருவரின் அப்பா அழகப்பன், இன்னொருவரின் அப்பா அருணாசலம். அந்த அப்பாக்கள் அண்ணன் தம்பிகள். இரண்டுக்கும் இனிஷியல் அ. இருவரும் தங்கள் மூத்த மகனுக்கு ஐயா பெயரையே, அதாவது தாத்தா பெயரையே, வைத்தார்கள். இந்தப் பக்கம் வைக்காமல் இருந்தால்தான் அதிசயம். வீடு பங்காளிகளின் பொது வீடு. ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒரு அறை, ஆனால் கதவிலக்கம் ஒன்றே. ஒருவர் இங்கேயே இருக்கிறார். மற்றவர் சென்னையில், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருவார். வந்த இடத்தில் காய்ச்சலில் விழுந்தபோது ஊரில் இருப்பவரின் மனைவி, அந்த ஆச்சி, தன் போன் எண்ணையே கொடுத்திருக்கிறார். பிறந்த தேதி? நாங்கள் வயதைத்தான் கேட்டோம். வயதை மட்டும் போட்டால் எங்கள் மென்பொருள் ஜனவரி 1 என்று தானே நிரப்பிக்கொள்ளும். அந்தத் தேதி அவர்களுடையதே அல்ல, எங்களுடையது. ஆக ஐந்து சாட்சி என்று நான் எண்ணியது ஒரே வீட்டை ஐந்து தடவை எண்ணியது.

மூன்று மாதம் கழித்துச் சென்னைக்காரர் படைப்புக்கு வந்தார். ராத்திரி கடும் வயிற்றுவலி. பழைய பதிவில் கிரியாட்டினின் (சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறுவது) 2.1 என்று இருந்ததைப் பார்த்த டாக்டர், சிறுநீரகத்துக்கு ஆகாது என்று மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேனைத் தள்ளிவைத்தார். காலையில் நர்ஸ், "சீனிக்கு மாத்திர போட்டீங்களாய்யா?" என்று கேட்க, "எனக்குச் சீனியே கிடையாதேம்மா" என்றிருக்கிறார். புது ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 0.9, சரியான அளவு.

ஒன்றும் ஆகவில்லையே என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான், ஸ்கேன் எடுத்தார்கள், நான்காம் நாள் வீட்டுக்குப் போனார். ஆனால் அந்த ராத்திரி முழுக்க அவர் வலியோடு காத்துக் கிடந்தார். அதை ஒன்றும் இல்லை என்று என்னால் எழுதிக்கொள்ள முடியவில்லை.

சேர்த்தது ஒரு பொத்தானில். பிரிப்பதற்கு நானும் எங்கள் பிரிவின் மூத்த அக்காவும் இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்தோம். ஒவ்வொரு தாளாக, எந்தத் தேதி, யார் சீட்டு என்று. ஒரே ஒரு மருந்துச் சீட்டில் தேதியும் இல்லை, எண்ணும் இல்லை. யாருடையது என்று இன்றுவரை தெரியாது. தனி உறையில் இருக்கிறது.

நர்ஸுகளுக்கு நடந்த பயிற்சியில் நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். 'நீங்க சிதம்பரமா என்று கேட்காதே, உங்க பேரென்ன என்று கேள்' என்று அங்கே சொன்னார்கள். குறித்தும் வைத்திருந்தேன். அப்படியிருந்தும் போனில் நானே பெயரைச் சொல்லி, ஆச்சியை ஆமா மட்டும் போட வைத்தேன்.

"ஆனா, பொண்டாட்டிகிட்டப் புருசன் பேரக் கேட்டா என்ன சொல்லும்?" என்றார் அக்கா. அதுவும் நியாயந்தான். மாமனார் பெயரை மகனுக்கு வைத்துவிட்டு, அந்த மகனையே பெயர் சொல்லிக் கூப்பிடாத வீடுகள் இவை. நான் முறைப்படி கேட்டிருந்தாலும் அந்த ஆச்சி வாயிலிருந்து பெயர் வந்திருக்காது. சில நாள் இதை வைத்துச் சமாதானம் ஆகிவிடுவேன்.

பிறகு அந்த 'வந்தாக' நினைவுக்கு வரும். அவுக என்றால் ஒருவரை மரியாதையாகச் சொல்வது. இரண்டு பேரைச் சொல்வதும் அதே சொல்தான். ஆச்சி சொன்னது இரண்டு பேரையும் என்றே இப்போது நினைக்கிறேன். 'வந்தாக, வந்தாக' என்று இரண்டு தடவை சொன்னாரே! அவர் சரியாகச் சொல்லியிருக்கிறார். நான் பிறந்ததிலிருந்து பேசுகிற பேச்சு இது. யார் யார் ஆச்சி என்று இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம்.

டிஸ்சார்ஜ் அன்று ஆச்சி எங்கள் அறை வாசலுக்கு வந்தார். "நாந்தான் போன்ல சரியாச் சொல்லலையோ?" என்றார். இல்ல ஆச்சி என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கம்ப்யூட்டர்ல ஏதோ மாறிப்போச்சு" என்றும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். தவறு எழுதும் பதிவேட்டில் என் பெயரை, நேரத்தோடு, நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. பயந்துவிடுவார் என்று நினைத்தேனா, நான்தான் பயந்தேனா, பிரித்துச் சொல்ல வரவில்லை. அவர் வீட்டுக்காரர் மாதாமாதம் சர்க்கரைக்கு வருகிறார். இன்னும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் போனில் பெயரை நான் சொல்வதில்லை. கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறேன். போன வாரமும் ஒரு வீட்டில் அப்படித்தான். எதிர்முனையில் ஒரு ஆச்சி, வெகுநேரம் மௌனம். பிறகு, "இரு, பேரன்கிட்டக் குடுக்குறேன்" என்றார். பையன் வந்தான். பெயரைக் கேட்டேன்.

"யார் பேருக்கா? என் பேரா, ஐயா பேரா? ரெண்டும் ஒன்னுதான்."

"ஐயாவோட ஆதார் கார்டு எடுத்துட்டு வா தம்பி," என்றேன். "பிறந்த தேதியை அதுல பார்த்து வாசி. நான் எழுதிக்கிறேன்."