இங்கிலீஷ் சொலவடையும் அம்மச்சியின் வேதப்புத்தகமும்

குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்தில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். கைடில் ‘இடியம்ஸ்’ பக்கத்தைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரமாக வரும். இடது பக்கம் சொலவடை, வலது பக்கம் மூன்று வார்த்தையில் அர்த்தம், அவ்வளவுதான். எந்த ஊரில், யார் வாயில் பிறந்தது என்று ஒரு வரி கிடையாது. பிள்ளைகளும் உருப்போட்டு எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதுவும் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுப்பது பெரிய அநியாயம். அந்தப் பட்டியலில் எத்தனையோ சொலவடைகளை அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே கேட்டு வளர்ந்திருக்கிறார்கள்.

‘தி ரைட்டிங் ஆன் தி வால்’ என்பதற்குக் கைடு தரும் அர்த்தம், ‘வரப்போகும் கேட்டின் அறிகுறி’. கதை வேதப்புத்தகத்தில் தானியேல் 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பெல்ஷாத்சார் ராஜா ஆயிரம் பிரபுக்களுக்கு விருந்து வைக்கிறான். எருசலேம் ஆலயத்திலிருந்து கொண்டுவந்த பொற்பாத்திரங்களில் ஊற்றிக் குடிக்கிறார்கள். அந்நேரம் ஒரு மனுஷக் கைவிரல்கள் மட்டும் தோன்றி, விளக்குக்கு எதிரே சாந்து பூசிய சுவரில் எழுதுகின்றன. ராஜாவுக்கு முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. எழுதியது, ‘மெனே, மெனே, தெக்கேல், உப்பார்சின்’. தானியேல் வந்து பொருள் சொல்கிறார்: உன் ராஜ்யத்துக்குக் கணக்கு முடிந்தது, தராசில் நிறுத்ததில் நீ குறைந்துபோனாய். அன்று ராத்திரியே ராஜா கொல்லப்படுகிறான்.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பிள்ளை எழுந்து, “டீச்சர், இது எங்க அம்மச்சி குடும்ப ஜெபத்துல வாசிக்கதாக்கும்!” என்றாள். அந்த அம்மச்சிக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. அப்புறம் வகுப்பே கிளம்பிவிட்டது. ‘சிறுத்தை தன் புள்ளியை மாற்றுமா’ (பிறவிக்குணம் மாறாது) என்பது எரேமியா புத்தகம், ‘தைலத்தைக் கெடுத்த ஈ’ (நல்லதைக் கெடுக்கும் சிறு குறை) பிரசங்கி, ‘பல்லின் தோலோடு தப்பியது’ (மயிரிழையில் தப்பியது) யோபு. ‘களிமண் பாதம்’ (பெரிய ஆளிடம் மறைந்திருக்கும் பலவீனம்) மறுபடியும் தானியேல். நேபுகாத்நேச்சார் ராஜாவின் கனவில் வந்த சிலைக்குத் தலை பொன், பாதம் பாதி இரும்பு, பாதி களிமண்.

பிறர் பழியைச் சுமப்பவனைச் சொல்லும் ‘ஸ்கேப்கோட்’ லேவியராகமம் 16இல் வருகிறது. இரண்டு ஆட்டுக்கடாக்களுக்குச் சீட்டுப் போடுவார்கள். ஒன்று பலி. மற்றதன் தலையில் ஆரோன் இரண்டு கையையும் வைத்து ஜனங்களின் பாவத்தையெல்லாம் அறிக்கையிட்டு, உயிரோடே வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார். இந்த இங்கிலீஷ் சொல்லை 1530இல் உண்டாக்கியவர் வில்லியம் டின்டேல். சாதாரண ஜனங்களுக்குப் புரியும் இங்கிலீஷில் வேதத்தைக் கொடுக்கத் துடித்த மனிதர். 1536இல் அவரைக் கொன்று எரித்தார்கள். ஆனாலும் 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் அவருடைய வாக்கியங்கள் ஏராளமாக இருக்கின்றன. இங்கிலாந்தில் கோயிலிலும் வீட்டிலும் அதை வாசித்து வாசித்துத்தான் இந்தச் சொலவடைகள் ஜனங்களின் வாயில் ஏறின. நம் பக்கம் மயிலாடி வேதமாணிக்கம் அழைத்து மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் வந்தார். அன்றிலிருந்து இங்கேயும் அதே கதைகளைத் தமிழில் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அதற்காக வாட்ஸப்பில் வரும் பூர்வீகக் கதையையெல்லாம் நம்பிவிடக் கூடாது. கொட்டும் மழையைச் சொல்லும் ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்பதற்கு, அந்தக் காலத்தில் கூரையில் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்தன என்று ஒரு கதை சுற்றுகிறது. அது பிற்காலத்துக் கட்டுக்கதை. ஓலை வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், மழை வந்தால் நாய் கூரைமேல் ஏறாது, திண்ணைக்குத்தான் ஓடிவரும்.

கடற்கரைப் பிள்ளைகளிடம் ஒரு சொலவடையை மட்டும் நான் நின்று நிதானமாக விளக்குவேன். ராத்திரி செவ்வானம் மாலுமிக்குச் சந்தோஷம், காலைச் செவ்வானம் மாலுமிக்கு எச்சரிக்கை என்பது. இயேசுவே மத்தேயு 16இல் இதைப் போல ஒன்றைச் சொல்கிறார். இங்கிலாந்தில் பெரும்பாலும் காற்றும் மேகமும் மேற்கிலிருந்து கிழக்கே போகும். சாயங்காலம் மேற்கு வானம் சிவந்தால் அந்தப் பக்கம் மேகமில்லை, நாளைக்கு வரப்போவதும் தெளிந்த வானம் என்று கணக்கு. காலையில் கிழக்கு சிவந்தால் தெளிந்த வானம் கடந்து போய்விட்டது, பின்னாலே மழை வரலாம். அங்கே இது நல்ல அறிவு.

ஆனால் நாம் இருப்பது பூமத்தியரேகைக்குப் பக்கம், 8 டிகிரி வட அட்சரேகையில். ஆனி, ஆடியில் மழை தென்மேற்கிலிருந்து வரும். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வரும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் இலங்கைப் பக்கமிருந்து வந்து, குமரிக்குத் தெற்கே கடந்து லட்சத்தீவுக்குப் போனது. இனயம், தூத்தூர் பக்கமெல்லாம் எத்தனை வீட்டில் கடலுக்குப் போன ஆள் திரும்பவில்லை என்று எங்களுக்குத் தெரியும். கிழக்கிலிருந்து வருகிற புயலுக்கு மேற்கு வானத்தின் சிவப்பு என்ன சாட்சி சொல்லும்? அதனால் பரீட்சைக்கு அர்த்தத்தை எழுதுங்கள் மக்களே, வள்ளம் இறக்கும் முன் வானிலை எச்சரிக்கையைக் கேட்கச் சொல்லி அப்பாவிடம் சொல்லுங்கள் என்று சொல்லித்தான் அந்தப் பாடத்தை முடிக்கிறேன்.