கலி இல்லை, அலி

11 ஜனவரி 2020, சனி

சோமாலிலாந்தின் தலைநகர் ஹர்கெய்சாவில் வாரம் சனியன்று பிறக்கிறது, விடுமுறை வெள்ளிக்குத்தான். இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்தவளுக்கு முதல் பீரியடிலேயே மானம் போயிற்று. வருகைப் பதிவேட்டில் முதல் பெயரை "கலி" என்று வாசித்தேன். ஐம்பத்திரண்டு பிள்ளைகளும் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அது அலியாம்.

1972இல் சோமாலிக்கு லத்தீன் எழுத்தை எடுத்துக்கொண்டபோது 'சி'யை அரபு 'ஐன்' ஒலிக்கும், 'எக்ஸை' அடித்தொண்டை ஹகரத்துக்கும் கொடுத்துவிட்டார்கள். அதனால் அலி 'சி'யில் ஆரம்பிக்கிறான், ஹசன் 'எக்ஸில்'. சோமாலிக்காரரான அப்பா பேசச் சொல்லிக்கொடுத்தார், எழுதிக் காட்டியதில்லை. மதுரையில் உட்கார்ந்து யாருக்கு சோமாலியில் கடிதம் எழுதப் போகிறோம் என்று விட்டிருப்பார்.

13 ஜனவரி, திங்கள்

காலையில் அத்தை லஹோஹ் சுட்டாள். புளித்த மாவு, ஒரு பக்கம் மட்டும் வேகும், மேலெல்லாம் கண் கண்ணாக. ஆப்பத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. அதன்மேல் சர்க்கரையும் நல்லெண்ணெயும். எண்ணெய் செக்கில் ஆட்டியது; நம்மூரில் மாடு சுற்றும், இங்கே ஒட்டகம்.

அத்தைக்கு இங்கே 'எட்டோ'. விசேஷம், அவளும் என்னை 'எட்டோ' என்றுதான் கூப்பிடுகிறாள். அப்பா என்னை 'ஆபோ' (அப்பா) என்பதும் இந்தக் கணக்குதான். அம்மா என்னை "வாம்மா" என்பதைப்போல.

வகுப்பில் இன்றும் 'சி' வரவில்லை. முன்வரிசைப் பெண்ணொருத்தி தொண்டையில் விரல் வைத்துக் காட்டினாள். முயன்றேன், இருமல்தான் வந்தது.

17 ஜனவரி, வெள்ளி

நகர நடுவில் மேடைமேல் ஒரு மிக் போர் விமானம் நிற்கிறது. 1988இல் சோமாலியாவை ஆண்ட சியாத் பாரே அரசின் விமானங்கள் இந்த ஊர் விமான நிலையத்திலிருந்தே கிளம்பி இந்த ஊரின்மேலேயே குண்டு போட்டன. அப்பா அப்போது மதுரையில். படிக்க வந்தவர், திரும்பிப் போக வீடில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். நான் மதுரைக்காரியானது அப்படித்தான். அத்தை விமானத்தை நிமிர்ந்து பார்க்காமல் நடந்தாள். நானும் எதுவும் கேட்கவில்லை.

தெருவோரம் ஷில்லிங் கட்டுகளைச் செங்கல் மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு டாலருக்கு எட்டாயிரத்துக்கு மேல். தேநீர்க் கடைக்காரரோ 'ஸாத்' என்கிற செல்போன் பணமாகப் போடச் சொல்கிறார்.

20 ஜனவரி, திங்கள்

இன்று எனக்கு நல்ல நாள்! 'டி', 'எச்' சேர்த்து எழுதினால் நம் 'ட'வுக்குப் பக்கத்து ஒலி. லண்டனில் வளர்ந்து இங்கே வந்திருக்கும் இன்னொரு தன்னார்வலர், அவரும் சோமாலிதான், 'டகஹ்' (கல்) என்பதை 'தகஹ்' என்று மென்று விழுங்கினார். நான் 'கட்டடம்' சொல்லும் நாக்கால் ஒரே போடு போட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். உடனே ஒரு பொடியன் எழுந்து "அப்படியானால் அலி சொல்லுங்கள் மஅல்லிமத்" என்றான். சுண்ணக்கட்டி தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

25 ஜனவரி, சனி

ராத்திரி அப்பாவிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். வெகுநேரம் சிரித்துவிட்டு, கேட்காமலே 1974க்குப் போனார். அந்த வருஷம் உயர்நிலைப் பள்ளிகளை மூடிவிட்டு, மாணவர்களை மேய்ச்சல்காட்டுக்கு எழுத்தறிவிக்க அனுப்பினார்கள். "தெரிந்தால் கற்றுக்கொடு, தெரியாவிட்டால் கற்றுக்கொள்" என்பது அந்த இயக்கத்தின் கோஷம். அப்பாவுக்குப் பதினாறு வயது. ஒரு போர்வை, மடக்குகிற கரும்பலகை. ஒட்டகக்காரக் குடும்பத்தோடு சாப்பாடு. அந்த வருஷந்தான் பெரும் பஞ்சம். மழை பொய்த்து மந்தைகள் செத்து விழ, வகுப்புப் பலகையோடு தண்ணீர் தேடி நடந்திருக்கிறார்கள். வேல மரத்தடியில் ஒரு கிழவி மணலில் குச்சியால் முதன்முதலில் எழுதியது தன் பெயரை இல்லையாம், செத்துப்போன ஒட்டகத்தின் பெயரை. "எழுத்தில் பிழை இருந்தது, நான் திருத்தவில்லை" என்றார்.

என்னை மட்டும் விடவில்லை. பதிவேட்டை வாசித்து ஒலிப்பதிவு அனுப்பச் சொன்னார். ஐம்பத்திரண்டு பெயரையும், அத்தை தூங்கிவிட்டதால், கிசுகிசுத்து அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில்: "ஒன்று, பதினேழு, நாற்பது. திரும்பச் சொல்லு ஆபோ."